பிஷப் அசரியாவும் கைப்பிடி அரிசியும்

ஆடிக் கிருத்திகையன்று தணிகை மலைக்கு வந்து நின்று பார்த்தவர்களுக்கு இவ்வூரின் இயல்பை விளக்க வேண்டியதில்லை. காவடி எடுத்து வருவோரில் ஒரு சாரார் தமிழில் வேண்டிக்கொள்வர். மற்றொரு சாரார் தெலுங்கில் வேண்டிக்கொள்வர். உண்டியலில் விழும் காணிக்கையில் ஏழைகள் முந்தானையில் முடிந்துவந்த காசும் உண்டு. ஆங்கில வருஷப் பிறப்பன்று மாலையும் எலுமிச்சம்பழமுமாகத் துரைமார்களின் பங்களா வாசலில் காத்துக் கிடந்த நம்மவர்களை வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் இம்மலையின் படிகளுக்கு அழைத்து வந்து, திருப்புகழ் பாடி ஏறச் செய்த வரலாறும் இங்கு யாவரும் அறிந்ததே. இந்தப் பக்தியை நடத்திவைக்க லண்டனிலிருந்து ஒரு பவுனும் வந்ததில்லை. தன் தெய்வத்துக்குத் தானே கொடுக்க வேண்டும் என்பது தணிகையில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த சங்கதி.

கிறிஸ்து சமயத்தின்மீது நமது தேசபக்தர்கள் நெடுங்காலம் கூறிவந்த குற்றச்சாட்டு இந்த இடத்திலிருந்தே எழுந்தது. அச்சமயத்தின் வேதத்தை அவர்கள் அவ்வளவாகக் குறை கூறவில்லை. அதன் பணப்பெட்டியைத்தான் சுட்டிக் காட்டினார்கள். 1706-ம் வருஷம் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியது டென்மார்க் அரசனின் ஆதரவில். அவருக்குப் பின் வந்த பாதிரிமார்களுக்கு இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இருந்த சங்கங்கள் படியளந்தன. அந்தப் பணத்தில் பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரிகளும் எழுந்தன; அவற்றால் நாட்டுக்கு விளைந்த நன்மையை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் சம்பளம் கொடுப்பவன் கையில்தான் சாவியும் இருக்கும். நியாயஸ்தலத்தில் பழகியவர்கள் ஒரு வழக்கைக் கண்டதும், இது யார் செலவில் நடக்கிறது என்று முதலில் விசாரிப்பார்கள். அந்த விசாரணையைத் தம் சபைமீது தாமே நடத்தி, அதற்குப் பரிகாரமும் தேடிய ஒரு தமிழர் இருந்தார். டோர்ணக்கல் பிஷப் வேதநாயகம் சாமுவேல் அசரியாவே அவர். கிறிஸ்தவ உலகம் முழுவதும் அறிந்த அவர் பெயரை நமது அரசியல் ஊழியர்கள் அநேகமாக மறந்துவிட்டனர். அவர் காலமாகி 80 ஆண்டுகளுக்கு மேலாகிறது.

1874-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 17-ந் தேதி, திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் அசரியா பிறந்தார். பனையும் செம்மணலும் சூழ்ந்த நாடு அது. தந்தையார் தாமஸ் வேதநாயகம் அவ்வூர்ச் சபைக்குக் குரு. இந்துவாகப் பிறந்து கிறிஸ்தவரானவர். நாடார் சமூகத்துக் குடும்பம். அந்நாளில் அச்சமூகத்தினர் பெருங்கோவில்களின் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியிருந்தது என்பதை மறந்துவிட்டு இவ்வரலாற்றைப் படிக்கலாகாது. 1889-ல் தந்தையார் இறந்தார். தாயார் எல்லன் அம்மாள் மகனைக் கண்டிப்பும் ஜெபமுமாக வளர்த்துச் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலைக்கு அனுப்பினார். அங்கே கணிதம் பயின்ற அசரியா, நோயினால் இறுதிப் பரீட்சையை எழுதாமலே வெளியேறினார். பி.ஏ. என்ற இரண்டெழுத்துக்காக உயிரை விடுவோர் நிறைந்த அக்காலத்தில், பட்டமில்லாதவன் வாழ்வு பாழ் என்றே உலகம் சொல்லியிருக்கும். 1920-ல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அவருக்குக் கௌரவச் சட்டப் பட்டம் அளித்தபோது, அந்தப் பழைய கணக்கு நேர் செய்யப்பட்டதென்று சொல்லலாம்.

தணிகையில் 1888-ல் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனும் பின்னாளில் அதே கலாசாலையில்தான் பயின்றார். பாதிரி ஆசிரியர்கள் இந்து தர்மத்தைக் குறை கூறியது அவர் உள்ளத்தைக் குத்தி, தம் சமயத்தை ஆராயத் தூண்டிற்று. ஒரே வகுப்பறை ஒருவரை வேதாந்தத்தின் வழக்கறிஞராக்கிற்று. மற்றொருவரைக் கிறிஸ்து சபையின் சுயராஜ்யவாதியாக்கிற்று.

1895-ல் அசரியா கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் காரியதரிசியாகத் தென்னாடு முழுவதும் சுற்றத் தொடங்கினார். 1898-ல் அன்பு மரியம்மாளை மணந்தார். அந்த அம்மையார் தென்னாட்டுக் கிறிஸ்தவப் பெண்களுள் கலாசாலைக் கல்வி பெற்ற முதல் சிலரில் ஒருவர். சீதனமும் வீண் ஆடம்பரமும் இன்றி அத்திருமணம் நடந்தது. சீதனத்தை மேடையில் கண்டித்துவிட்டு வீட்டில் எண்ணி வாங்கும் தலைவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோமாதலால் இதனை ஒரு வரி நின்று குறிக்கிறோம்.

அவர் வாழ்வைத் திருப்பியது 1902-ம் வருஷத்து யாழ்ப்பாணப் பயணம். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பணத்தைத் திரட்டிக் கடல் கடந்து இந்தியாவில் சமய ஊழியம் நடத்தி வந்தார்கள். அசரியாவுக்கு இது சுருக்கென்று தைத்தது. திருநெல்வேலிச் சபை யாழ்ப்பாணத்தைவிடப் பெரியது. நூறு வருஷப் பழமையுடையது. ஆயினும் சுவிசேஷம் எட்டாத ஜனங்களுக்கு ஆள் அனுப்பும் வேலையை அது வெள்ளைக்காரரின் வேலை என்று விட்டுவிட்டது. வாங்கிப் பழகிய கை கொடுக்க மறந்துவிட்டது. திரும்பி வந்ததும் அவர் வாளாவிருக்கவில்லை. 1903-ம் வருஷம் பிப்ரவரி 12-ந் தேதி பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் ஸ்தாபிக்கப்பட்டது. ஆளும் நம்மவர், பணமும் நம்மவருடையது. இதுவே அதன் அடிப்படை.

எங்கே போவது? வேலைக்கு அவர்கள் தேர்ந்த இடம் பக்கத்து ஜில்லா அன்று. 600 மைலுக்கு அப்பால், நிஜாம் சமஸ்தானத்தில், சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கத்துக்கு ரயில் பிரியும் டோர்ணக்கல். மொழி தெலுங்கு. பனங்காட்டுத் தமிழன் கொடுத்த அணாவும் காலணாவும் கண் காணாத தெலுங்கு நாட்டு ஏழைக்குச் செலவாக வேண்டும். பதிலுக்கு அவனுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. ஊர்க் கோவிலில் பெயர் பொறித்த கல்கூட இல்லை.

இது நடந்த காலத்தை நமது ஊழியர்கள் கவனிக்க வேண்டும். இதே திருநெல்வேலி ஜில்லாவில், இதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து 1906-ல், வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள், மொத்தம் 10 லட்சம் மூலதனம் என்று திட்டம். பிள்ளையவர்கள் கப்பலைப் பற்றிச் சொன்னதைத்தான் அசரியா சபையைப் பற்றிச் சொன்னார். நம் காரியத்தை நம் பணத்தில் நாமே நடத்துவோம் என்பதே இரண்டின் சாரம். கப்பல் கம்பெனியைச் சர்க்காரும் அந்நியக் கம்பெனியும் சேர்ந்து நசுக்கின. பிள்ளையவர்கள் 1908-ல் சிறை புகுந்தார். அசரியாவின் சங்கத்தை நசுக்க எவரும் முயலவில்லை என்பது உண்மையே. ஆகவே இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பது நியாயமாகாது. எனினும் அச்சங்கம் இன்றும் பாளையங்கோட்டையிலிருந்து நடந்து வருகிறது என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

1905-ம் வருஷம் அக்டோபரில் கர்ஸன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிளந்தார். நாடெங்கும் சுதேசி முழக்கம் எழுந்தது. அவ்வருஷம் டிசம்பர் கடைசியில் கோகலேயின் தலைமையில் காசியில் காங்கிரஸ் கூடியது. அதற்குச் சற்று முன், கிறிஸ்து பிறந்த நாளன்று, கல்கத்தாவுக்கு அருகிலுள்ள செராம்பூரில் கேரியின் புத்தகசாலையில் இந்தியாவின் பல மாகாணங்களிலிருந்தும் வந்த சில கிறிஸ்தவர்கள் கூடித் தேசிய மிஷனெரி சங்கத்தை ஏற்படுத்தினர். அதன் காரியதரிசியானவர் அசரியா. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்ற மூன்று விதிகளின்மேல் அது நின்றது. மூன்றாவது விதிதான் வெள்ளைப் பாதிரிமாரில் பலருக்குக் கசந்திருக்கும். ஆளைக் கொடுப்பார்கள், பணத்தையும் கொடுப்பார்கள்; நிர்வாகத்தை விட்டுக்கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்?

பிறரை அனுப்பிவிட்டுத் தாம் மேடையில் அமர்ந்திருப்பது அசரியாவுக்கு ஒவ்வவில்லை. 1909-ல் பதவியை விட்டு, குருப்பட்டம் ஏற்று, குடும்பத்துடன் டோர்ணக்கல் சென்றார். 35 வயதில் தெலுங்கைக் கற்றார். மறு வருஷம் ஸ்காத்லாந்தில் எடின்பரோ நகரில் கூடிய உலக மிஷனெரி மகாநாட்டில் அவர் பேசிய பேச்சு பலரைத் திடுக்கிடச் செய்தது. வெள்ளைப் பாதிரிமார்களின் தியாகத்தை அவர் மதித்தார். பிறகு அவர்களிடம் இல்லாத ஒன்றைக் கேட்டார். இந்திய ஊழியரைச் சம்பளக்காரராக நடத்தாமல் சமமான சிநேகிதராக ஏற்கும் மனமே அது. பணத்தைக் கொடுத்தவன் சிநேகத்தைக் கொடுக்கவில்லையென்றால் அந்தக் கொடை பாதிக் கொடைதான் என்பதே அப்பேச்சின் உட்கருத்தென்று நாம் கொள்கிறோம். சபையிலிருந்த பலர் முகம் சுளித்தனர்.

1912-ம் வருஷம் டிசம்பர் 29-ந் தேதி கல்கத்தா அர்ச். பவுல் தேவாலயத்தில் அவர் பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவியை அடைந்த முதல் இந்தியர் அவரே. இந்தியன் கீழ் வெள்ளையன் ஊழியம் செய்வதா என்ற முணுமுணுப்பு எழாமலில்லை. சென்னை பிஷப் ஒயிட்ஹெட் உறுதியாக நின்றதனால் காரியம் நடந்தது. அதற்குப்பின் 32 ஆண்டுகள், அதாவது அவர் இறக்கும் வரை, ஒரு மேற்றிராசனத்தை நிர்வகித்த இந்தியர் அச்சபையில் வேறு எவரும் இலர். இதிலிருந்து அச்சபை எவ்வளவு வேகமாக நடந்ததென்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இனி, கைப்பிடி அரிசிக்கு வருவோம். டோர்ணக்கல் மேற்றிராசனத்து ஜனங்களில் மிகப் பெரும்பாலோர் மாலர், மாதிகர் என்னும் தீண்டப்படாத வகுப்பார், பண்ணைக் கூலிகள். கூலியும் பெரும்பாலும் தானியமாகவே கிடைக்கும். கடன் இல்லாத குடும்பம் அபூர்வம். இத்தகையோரிடம் காணிக்கை கேட்பது பாவம் என்று இரக்கமுள்ளவர்கள் நினைத்தார்கள். அசரியா அப்படி நினைக்கவில்லை. வாங்கிக்கொண்டே இருப்பவன் என்றும் பிச்சைக்காரனாகவே இருப்பான். கொடுக்கத் தொடங்கிய நாளில்தான் அவன் மனிதனாக நிமிர்கிறான் என்பது அவர் கட்சி. ஆகவே ஞானஸ்நானம் பெற்றவனுக்கு ஜெபத்தைக் கற்பித்தது போலவே கொடையையும் கற்பித்தார்.

முறை மிக எளியது. உலையில் இட அரிசியோ சோளமோ அளக்கும்போது, வீட்டுப் பெண் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். இப்படி ஒவ்வொரு சமையலுக்கும் செய்வாள். சேர்ந்த தானியம் சபைக்குப் போகும். அது விற்கப்பட்டு உபாத்தியாயரின் சம்பளத்துக்கும் ஊழியத்துக்கும் உதவும். அறுவடைக் காலத்தில் கதிரும் கோழியும் முட்டையும் பூசணியும் வரும். பணம் கண்ணில் படாத வீட்டிலும் அரிசி கையில் படும் என்பதே இம்முறையின் சூட்சுமம். பணம் புருஷன் மடியில் இருக்கும். அரிசி பெண்ணின் கையில் இருக்கும். ஆகவே கொடுப்பவள் அவள். வருஷத்துக்கு ஒருமுறை சந்தாப் புஸ்தகத்துடன் வருகிற காரியதரிசியைக் கண்டால் நாம் எல்லோரும் கொல்லைப்புறம் போய்விடலாம். உலை கொதிக்கும்போது வருகிற கடமைக்கு ஒளிய இடமில்லை. கைப்பிடி அரிசிக்கு ரசீதும் கிடையாது. தன் பெயரைப் பத்திரிகையில் போடவில்லையென்று கோபித்துக்கொள்வாரும் கிடையாது.

வங்காளத்தில் சுதேசி ஊழியர்கள் முஷ்டி பிக்ஷை என்று வீடுதோறும் பிடியரிசி திரட்டியதும், 1921-ல் திலகர் சுயராஜ்ய நிதிக்கு ஒரு கோடி ரூபாய் சேர்ந்ததும் நமக்குப் பெருமை தரும் வரலாறுகள். ஆனால் நிதி முடிந்ததும் நாம் கையை மடக்கிக்கொண்டோம். அசரியாவின் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் கலயத்தை வைத்திருந்தார்கள். தம் கடைசிக் காலத்தில் கிறிஸ்தவக் கொடையைப் பற்றி அவர் ஒரு தனிப் புத்தகமே எழுதினார். அது பல நாட்டுச் சபைகளில் பரவிற்று.

மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்று அவர் கட்டிய சபையில், 1930-களின் நடுவில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கிராம உபாத்தியாயர்கள் இருந்தனர். சபையோர் தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டிற்று. கள்ளை ஒழிக்கவும், கலியாணச் செலவைக் குறைக்கவும், கடனிலிருந்து மீளவும் அவர் விடாமல் போதித்தார். 1939-ம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி பிரதிஷ்டையான டோர்ணக்கல் தேவாலயத்தில் இந்து மண்டபத்தின் தூண்களும் மசூதியின் கும்மட்டமும் கலந்து நிற்கின்றன. ஆங்கில ஊசிக் கோபுரத்தை அங்கே காண முடியாது. அதைக் கட்டி முடிக்க ஏறக்குறைய 25 ஆண்டுகள் சென்றன. சொந்தப் பணத்தில் வீடு கட்டுகிறவனுக்கு அந்தத் தாமதத்தின் காரணம் புரியும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இருந்த சச்சரவை மூடி மறைப்பது பத்திரிகை தர்மமாகாது. 1935 அக்டோபரில் ஏவலாவில், தாம் இந்துவாகச் சாகப் போவதில்லையென்று டாக்டர் அம்பேத்கர் அறிவித்தார். அதன்பின் ஒவ்வொரு சமயத்தாரும் தீண்டப்படாதாரை நோக்கி வலை வீசினர். தெலுங்கு நாட்டில் கூட்டங் கூட்டமாக ஜனங்கள் கிறிஸ்தவராவதைச் சுட்டிக் காட்டி, லண்டனிலிருந்த மிஷனெரி சங்கம் இங்கிலாந்து மக்களிடம் நிதி கேட்டது. 1936-லும் 1937-லும் காந்தியடிகள் ஹரிஜன் பத்திரிகையில் இதைக் கடுமையாக மறுத்தெழுதினார். சமயத்தை ஆராய்ந்து தேறும் வசதியற்ற ஏழைகளைத் தொகை தொகையாகச் சேர்ப்பது ஆன்மிகமாகாது என்பது அவர் வாதம். மாலர் மாதிகரிடம் கண்ட நல்ல மாறுதலால் மேல்சாதிக் குடியானவரும் சபைக்கு வருகின்றனர் என்ற கூற்றையும் அவர் ஏற்கவில்லை.

இவ்விஷயத்தில் நம் தீர்ப்பை ஒளிக்காமல் சொல்லுகிறோம். தலைகளை எண்ணி அக்கரையில் நிதி கேட்டதைக் காந்தியடிகள் கண்டித்தது முற்றும் சரி. இந்தியப் பணம் என்ற விதியோடு புறப்பட்டவரின் ஊழியமே லண்டனில் உண்டிப் பெட்டி நிரப்பும் விளம்பரமாகிவிட்டது. அந்த மேற்றிராசனத்தின் பள்ளிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் அந்நியச் சங்கங்களின் உதவி கடைசி வரை வந்துகொண்டுதான் இருந்தது. கைப்பிடி அரிசி எல்லாவற்றையும் தாங்கிற்றென்று சொன்னால் அது மிகை. ஆனால் மாலனும் மாதிகனும் தம் சமயத்தைத் தாமே தெரிந்துகொள்ள வல்லவர்கள் அல்லர் என்ற வாதத்தை நாம் ஒப்ப முடியாது. தன் வயிற்றுக்கு எடுத்த தானியத்தில் ஒரு பிடியைத் தினம் எடுத்து வைப்பவள் தான் செய்வது இன்னதென்று அறிந்தே செய்கிறாள். விலைக்கு வாங்கப்பட்டவன் விலை கொடுக்க மாட்டான். மற்றொன்றும் கூற வேண்டும். கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டாமென்று எதிர்த்தவர் அசரியா. அது சபையை ஓர் அரசியல் கட்சியாக்கிவிடுமென்று அஞ்சினார். வகுப்பைச் சொல்லி ஸ்தானம் கேட்பதே தொழிலாயிருந்த அந்நாளில் இது சிறிய காரியமன்று.

நாம் எல்லையோரத்தில் இருப்பவர்கள். 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது தணிகை அப்பக்கம் போயிற்று, மா. பொ. சிவஞான கிராமணியார் முதலியோரின் கிளர்ச்சிக்குப்பின் 1960 ஏப்ரல் முதல் தேதி இப்பக்கம் வந்தது. அந்தக் கிளர்ச்சி நியாயமானது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் எல்லைக் கல்லைப் பற்றி எழுதிய நமது பேனா, அக்கல்லைக் கடந்து போய், அம்மக்களின் மொழியைப் பயின்று, 35 ஆண்டுகள் அவர்களுக்கு ஊழியம் செய்த தமிழரைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று யாராவது கேட்டால் விடை சொல்வது கடினம். எல்லைக்கு அப்பால் போகவும் வேண்டாம். இந்தத் திருவள்ளூர் ஜில்லாவிலேயே செங்கற் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாயிருந்து இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்திகளை நாம் அச்சிட்டிருக்கிறோம். அவர்கள் குடிசைக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித்தர, இம்மலையில் கற்பூரம் கொளுத்தும் எத்தனை ஆயிரம் பேரில் எத்தனை பேர் போயிருக்கிறார்கள்? அவர்களை மதம் மாற்றுகிறார்களென்று பிறர்மீது புகார் எழுத மட்டும் தவறாமல் காகிதம் எடுக்கிறோம்.

அசரியாவின் கடைசி ஆசை சபைகளின் ஒற்றுமை. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் பல சபைகளின் குருமார்களைக் கூட்டி அந்த வேலையைத் தொடங்கினார். வெள்ளையர் தங்கள் ஊர்ச் சண்டையில் பிரிந்த பிரிவினையை இந்தியன் ஏன் சுமக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. கால் நூற்றாண்டு அதற்காகப் பாடுபட்டார். 1945-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி, முந்தின இரவு தணிகைப் படிகளில் திருப்புகழ் பாடி ஏறியவர்கள் இறங்கிக்கொண்டிருந்த நாளில், டோர்ணக்கல்லில் அவர் உயிர் நீத்தார். 1947 செப்டம்பர் 27-ந் தேதி, நாடு விடுதலை பெற்று ஆறு வாரம் கழித்து, சென்னை அர்ச். ஜார்ஜ் தேவாலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. டோர்ணக்கல் அதன் மேற்றிராசனங்களில் ஒன்றாயிற்று.